சின்னத் தொட்டி, பெரிய பாடு

"சின்னத் தொட்டிதானே, சுலபம்" என்று நம்பித்தான் பலரும் வீட்டில் பவளத் தொட்டி வைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. 40 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் ஆவியானாலே உப்பு ஏறிவிடும். போவது நீர் மட்டும், உப்பு தங்கிவிடுகிறது. குறைவதை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் நச்சு அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா பெருகவே வாரக்கணக்காகும். அதுவரை மீன் வாங்காமல் காத்திருக்க நம்மால் முடிகிறதா? கத்திரி வெயிலில் மின்சாரம் போய்த் தண்ணீர் சூடேறினால் பவளம் வெளுத்துவிடும். வெளுத்ததற்குப் பதிலாக மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை உடைத்தெடுப்பதோ, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தினமும் உப்பையும் வெப்பத்தையும் அளக்கப் பொறுமை இல்லாதவர், கடலைக் கடற்கரையில் நின்றே ரசிக்கலாம். அங்கே அதைப் பராமரிக்க நாம் தேவையில்லை. கெடுக்காமல் இருந்தால் போதும்.