இது குடும்ப விஷயமா?

தாமிரபரணிக் கரையிலுள்ள பல கிராமங்களில் ஊர்க்கோடியில் ஒரு பெண் தெய்வத்தின் பீடத்தைப் பார்க்கலாம். அவள் எப்படித் தெய்வமானாள் என்று வில்லுப்பாட்டுக்காரரைக் கேட்டால், அண்ணன் தம்பி கையாலோ, கட்டியவன் கையாலோ அநியாயமாய்ச் செத்தவள் என்று பல இடங்களில் கதை சொல்லுவார். உயிரோடிருந்தபோது அவளுடைய அலறல் ஒருவர் காதிலும் விழவில்லை. செத்த பிறகோ வருஷந்தோறும் கொடை நடக்கிறது. கொடை என்றால் ஊரே ஒன்றுசேருகிறது. வரி பிரிக்க ஓர் ஆள், பந்தலுக்கு ஓர் ஆள், மேளத்துக்கும் வில்லுக்கும் அச்சாரம் கொடுக்க ஓர் ஆள், போலீசுக்கு மனுக்கொடுக்க ஓர் ஆள். "இது என் வேலையல்ல" என்று ஒருவரும் சொல்லுவதில்லை. ஆனால் அதே ஊரில் இன்றிரவு ஒருத்தி அடிபட்டால், "அது குடும்ப விஷயம்" என்று எல்லாக் கதவுகளும் சாத்திக்கொள்ளுகின்றன. செத்தவளுக்காகக் கூடுகிற ஊர், அவளைச் சாகாமல் காப்பாற்றுவதற்கு ஏன் கூடக்கூடாது என்பதுதான் இன்று நாம் கேட்கும் கேள்வி.

இது எங்கோ ஒரு குடிகாரன் வீட்டுச் சங்கதி என்று யாரும் எண்ண வேண்டாம். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 38 பேர் புருஷனுடைய கொடுமைக்கு ஆளானவர்கள். பெண் கல்வியில் முன்னேறிவிட்டோம் என்று மார்தட்டும் நாட்டின் யோக்கியதை இது! "கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்" என்றும், "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்றும் பிள்ளைப் பிராயத்திலிருந்தே ஓதிவிட்டு, குஷ்டரோகிப் புருஷனைக் கூடையில் சுமந்த நளாயினியைப் பதிவிரதை என்று கொண்டாடிவிட்டு, பெண்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்று கேட்பதில் அர்த்தமென்ன?

சட்டமில்லை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. 2005-ல் செய்யப்பட்டு 2006 அக்டோபர் 26-ந் தேதி முதல் அமுலுக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அடிபடுகிறவள் மட்டுமல்ல, அதை அறிந்த எவரும் பாதுகாப்பு அதிகாரிக்குத் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது எந்த வழக்கும் வராது. மனுக்கொடுத்தால் சாதாரணமாய் மூன்று நாளைக்குள் மாஜிஸ்ட்ரேட் முதல் விசாரணைக்கு எடுக்க வேண்டும்; அறுபது நாளைக்குள் முடிக்க முயல வேண்டும். வீடு யார் பேரில் இருந்தாலும் அவளை வெளியே தள்ள முடியாது. பாதுகாப்பு உத்தரவை மீறினவனுக்கு ஒரு வருஷம் வரை சிறை, அல்லது இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு. இலாகாக்கள் ஒன்றோடொன்று கலந்து வேலைசெய்யும்படி பார்த்துக்கொள்வது சர்க்காரின் கடமை என்றும் அச்சட்டத்தின் 11-வது பிரிவே சொல்லுகிறது.

நிற்க, நடப்பதென்ன? முக்கூடல் பக்கத்தில் பீடி சுற்றிப் பிழைக்கும் ஒருத்தி அடிபட்டாள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டேஷனுக்குப் போனால் "அனுசரித்துப் போ அம்மா" என்ற உபதேசம். காயத்துக்கு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. அங்கே "கீழே விழுந்தேன்" என்று எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டால் சாட்சியும் போயிற்று. சமூகநல அதிகாரியைப் பார்க்கக் கொக்கிரகுளம். இலவச வக்கீலுக்கு வேறு வாசல். ஒவ்வொரு வாசலுக்கும் ஒருநாள் பீடிக் கூலி நஷ்டம், பஸ் சார்ஜ் வேறு. ஒவ்வொரு வாசலிலும் நடந்ததை முதலிலிருந்து சொல்லி அழ வேண்டும். நான்காவது வாசலுக்குப் போக முடியாமல் அடித்தவன் வீட்டுக்கே திரும்புகிறாள். பிறகு "அவளே சமாதானமாய்ப் போய்விட்டாள்" என்று கோப்பு மூடப்படுகிறது!

அடி புருஷனிடமிருந்து மட்டும் வருவதுமில்லை. மகள் தன் இஷ்டப்படி துணையைத் தேடினால், சாதியின் பேரால் தகப்பனும் உடன்பிறந்தவனுமே எமனாகிறார்கள். அதற்காகவே ஜில்லாதோறும் போலீஸ் சூப்பிரண்டெண்டு, சமூகநல அதிகாரி, ஆதிதிராவிடர் நல அதிகாரி மூவரும் சேர்ந்த தனிப் பிரிவு வேண்டுமென்று 2018 மார்ச்சு 27-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. அதாவது, அதிகாரிகள் தனித்தனியே உட்கார்ந்தால் உயிர் தப்பாது என்பதைக் கோர்ட்டே ஒப்புக்கொண்டது. தாலுகா அளவிலும் பாதுகாப்பு அதிகாரிகள் வேண்டுமென்று 2025 மே மாதத்தில் அதே கோர்ட்டு மறுபடியும் சொல்ல நேர்ந்தது.

சேர்ந்து வேலைசெய்வது நம் ஜில்லாவுக்குத் தெரியாத வித்தையல்ல. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. மேலே திறந்த தண்ணீர் கடைமடைக்கு வரவில்லையென்றால் விவசாயிகள் கலெக்டரிடம் போய் எந்த மடையில் நின்றது என்று கேட்கிறார்கள். டில்லியில் திறந்த சட்டம் எந்த மடையில் நின்றது என்று நாமும் கேட்க வேண்டாமா?

ஆதலால் நாம் சொல்லுவது இதுதான். தாலுகாதோறும் போலீஸ், ஆஸ்பத்திரி, சமூகநலம், சட்ட உதவி, பஞ்சாயத்து ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் மாதம் ஒருமுறை ஒரே மேஜையில் உட்கார வேண்டும். ஒருத்தி ஒரு வாசலில் சொன்னால் மற்ற வாசல்கள் தாமே திறக்க வேண்டும். வருஷத்தில் ஆறு தடவை கிராம சபை கூடுகிறது. அதில் எத்தனை மனு வந்தது, எத்தனை நாளில் உத்தரவாயிற்று என்ற கணக்கை மட்டும் கேட்க வேண்டும். எந்தப் பெண்ணின் பேரையும் சபையில் இழுக்கக்கூடாது. இழுத்தால் அது கட்டப்பஞ்சாயத்தாகிவிடும். பஞ்சாயத்து ஸ்தானங்களில் பாதி பெண்களுக்கென்று 2016-ல் தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. அந்த நாற்காலிகளில் புருஷன்மார் போய் உட்காராமல் இருந்தாலே பாதி வேலை முடியும்.

"இப்படியெல்லாம் செய்தால் குடும்பம் உடையுமே" என்பார்கள். உதைக்குப் பயந்து நிற்பது குடும்பமா, சிறைக்கூடமா? 1929-ல் செங்கல்பட்டு மகாநாட்டில் பெண்களுக்குச் சொத்துரிமையும் விவாகரத்து உரிமையும் வேண்டுமென்று தீர்மானித்தபோதும் இதே கூச்சல்தான். சொத்துரிமை 1989-ல் தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. குடும்பம் ஒன்றும் உடைந்துவிடவில்லை.

கடைசியாக நம் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு வீட்டில் கை ஓங்குகிறவன், பஞ்சாங்கப் பார்ப்பானைவிடப் பெரிய மோசக்காரன். அப்படிப்பட்டவனுக்கு இயக்கத்தில் இடமில்லை. இனி அடுத்த வீட்டில் அலறல் கேட்டால் கதவைச் சாத்தாதீர்கள். போய்க் கூப்பிடுங்கள், 181-க்குச் சொல்லுங்கள். நாளைக்கு அவளுக்கு ஒரு பீடம் கட்டிப் பொங்கல் வைப்பதைவிட, இன்றைக்கு அவளுக்காக ஒரு மனு எழுதிக்கொடுப்பது எவ்வளவோ மேல்.