கேனை எங்கடா வைக்கிறது? அட்வெஞ்சர் ஸ்கூட்டர் வாங்கும் முன் யானைக்கவுனி வீடுகள் பார்க்க வேண்டிய கணக்கு

யானைக்கவுனியில் ஸ்கூட்டரின் ஃபுட்போர்டு சும்மா இருப்பதே இல்லை. காலையில் 20 லிட்டர் தண்ணீர் கேன். பத்து மணிக்குச் சவுகார்பேட்டையில் எடுத்த துணி மூட்டை. மாலையில் பிள்ளைகளின் ஸ்கூல் பை. மாதத்தில் ஒருநாள் அரிசி மூட்டை. சந்துக்குள் ஆட்டோகூட வரத் தயங்கும் வீடுகளுக்கு அந்த ஒன்றரை அடி இடம்தான் சரக்கு வண்டி.

அப்படிப்பட்ட வீட்டில் ஒருநாள் மகன் மொபைலை நீட்டுகிறான். திரையில் உயரமான ஒரு ஸ்கூட்டர். தடித்த டயர், கூரிய முகம், எதிரே மலைச்சாலை.

"இதான்மா இப்போ எல்லாரும் வாங்குறாங்க. பழசைக் குடுத்துட்டு இதை எடுத்துக்கலாம்."

அம்மா படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்கும் முதல் கேள்வி: "கேனை எங்கடா வைக்கிறது?"

சிரித்துவிட்டுக் கடக்கும் கேள்வி இல்லை இது. அட்வெஞ்சர் ஸ்கூட்டர் வாங்க நினைக்கும் எந்தக் குடும்பமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

மலை ஏற வந்த ஸ்கூட்டர்

ஓட்டுவதற்கு ஸ்கூட்டர் போலச் சுலபம், மோசமான சாலையில் பைக் போலத் தாங்கும் தன்மை. இந்த இரண்டையும் சேர்க்கும் முயற்சிதான் அட்வெஞ்சர் ஸ்கூட்டர். இந்த வகையைப் பிரபலமாக்கியது ஹோண்டாவின் 745 சிசி எக்ஸ்-ஏடிவி. 2016-ல் இத்தாலியின் மிலான் கண்காட்சியில் அறிமுகமான அந்த வண்டி, 2025-ல் இந்தியாவுக்கு வந்தபோது எக்ஸ்-ஷோரூம் விலை 11.90 லட்சம் ரூபாய். அதன் தம்பி போன்ற ஏடிவி 150 இந்தோனேசியாவில் 2019-ல் வந்தது.

நம் ஊர் பட்ஜெட்டில் இதற்கு நெருங்கி வருபவை இரண்டு. ஒன்று, 2021 முதல் விற்பனையில் இருக்கும் யமஹா ஏராக்ஸ் 155. இது ஓரளவு ஸ்போர்ட்ஸ் பக்கம் சாய்ந்த வண்டி. மற்றொன்று, 2025 ஜனவரியில் 1,48,500 ரூபாய் எக்ஸ்-ஷோரூம் விலையில் அறிமுகமான ஹீரோ ஜூம் 160. தோற்றத்தில் அட்வெஞ்சர் என்று சொல்லத் தகுந்தது இதுதான். இரண்டிலும் லிக்விட் கூலிங் இன்ஜின், 14 இன்ச் சக்கரங்கள், முன்சக்கரத்துக்கு ஏபிஎஸ்.

பெரிய இன்ஜின் ஸ்கூட்டர் வடசென்னைக்குப் புதிதும் இல்லை. 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர் தொழிற்சாலை என்றால் எல்லோருக்கும் புல்லட்தான் நினைவுக்கு வரும். அதே நிறுவனம் 1960-களில் 'ஃபேன்டபுலஸ்' என்ற பெயரில் 175 சிசி ஸ்கூட்டர் ஒன்றையும் தயாரித்தது. புல்லட் நிலைத்தது, ஃபேன்டபுலஸ் இன்று பழைய வண்டி சேகரிப்பவர்களின் பேச்சில் மட்டும் இருக்கிறது.

பெரிய சக்கரம் தரும் நிம்மதி

மூலக்கொத்தளம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று தினமும் வேலைக்குப் போகிறவருக்கு இந்த வகை ஸ்கூட்டரில் நிஜமாகவே லாபம் உண்டு. முதல் லாபம் சக்கரம். வீடுகளில் அதிகம் பார்க்கும் 110 சிசி ஸ்கூட்டரில் முன்சக்கரம் 12 இன்ச், பின்சக்கரம் 10 இன்ச். சக்கரம் சிறிதாக இருந்தால் பள்ளத்துக்குள் முழுதாக இறங்கி, விளிம்பில் முட்டி ஏறும். 14 இன்ச் சக்கரம் அதே பள்ளத்தில் குறைவாக இறங்கி உருண்டு போய்விடும். இடுப்பு வலியோடு வீடு திரும்புகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மாதிரியான இடங்களிலும் பெரிய சக்கரம் உதவும். ஆனாலும் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால் எந்த டயரும் வழுக்கும். நேர்க்கோட்டில், பிரேக் பிடிக்காமல் கடப்பதே பாதுகாப்பு.

இரண்டாவது லாபம் ஏபிஎஸ். சாலை ஓரத்து மணல், லாரி சிந்திய டீசல், மழைக்கால ஈரம் ஆகியவற்றின் மேல் பதறிப்போய் பிரேக்கை இறுக்கினால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். வண்டி கீழே சாயும். ஏபிஎஸ் அந்தப் பூட்டைத் தவிர்க்கிறது. 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து இது கட்டாயம். சிறிய ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் இருப்பது, ஒரு லீவரைப் பிடித்தால் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ். அது சக்கரம் பூட்டுவதைத் தடுக்காது.

மூன்றாவது, இழுவை. 110 சிசி ஸ்கூட்டரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி. எண்ணூர் விரைவுச் சாலையில் பின்னால் வரும் வாகனத்துக்கு இடம் கொடுத்து முன்னேற இது கைகொடுக்கும்.

கண்ணை ஏமாற்றும் உயரம்

அட்வெஞ்சர் என்றதும் "தரையிலிருந்து நல்ல உயரம் இருக்கும், ஸ்பீட் பிரேக்கரில் அடி இடிக்காது" என்று நினைப்பது இயல்பு. எண்கள் வேறு கதை சொல்கின்றன. வீட்டு ஸ்கூட்டரான ஆக்டிவாவின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 162 மி.மீ. ஜூம் 160-ல் 155 மி.மீ. ஏராக்ஸில் 145 மி.மீ. உயரமாகத் தெரிவது முகமும் சீட்டும்தான். வண்டியின் வயிறு அப்படியே கீழேதான் இருக்கிறது.

சீட் உயரம் இரண்டிலும் 790 மி.மீ.யை ஒட்டி வருகிறது. எடை ஏராக்ஸில் 126 கிலோ, ஜூம் 160-ல் 140 கிலோவுக்கு மேல். 110 சிசி ஸ்கூட்டர் 105 கிலோ சொச்சம். சாலையில் ஓடும்போது இந்த எடை வண்டியை நிதானமாக வைத்திருக்கும். சந்துக்குள் பின்னால் தள்ளி, இரண்டு வண்டிக்கு நடுவே சென்டர் ஸ்டாண்டு போடும்போதுதான் அதே எடை கையில் தெரியும். பெயரில்தான் யானை, சந்துகளின் அகலம் வேறு.

நடுவில் வந்த முதுகெலும்பு

இனி அம்மாவின் கேள்வி. இந்த வகை ஸ்கூட்டர்களில் சமதள ஃபுட்போர்டு இல்லை. இரண்டு கால்களுக்கும் நடுவே தடித்த முதுகெலும்பு ஒன்று ஓடுகிறது. ஏராக்ஸில் பெட்ரோல் டேங்க் இருப்பதே அதற்குள்தான். வண்டி முறுக்கிக்கொள்ளாமல் வேகத்தில் நேராகப் போக இந்த அமைப்பு உதவுகிறது. கேன், மூட்டை, சிலிண்டர் எதற்கும் அங்கே இடமில்லை.

புடவை கட்டியவர்கள் காலை உள்ளே வைத்து அப்படியே உட்கார்வதும் சுலபமில்லை. முதுகெலும்பைத் தாண்டிக் கால் போட வேண்டும். பின்சீட் உயரமாக இருப்பதால் முட்டி வலி உள்ள தாத்தா பாட்டிக்கும் சிரமம். இதுவரை வீட்டில் மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்டிய வண்டி, மகன் மட்டும் ஓட்டும் வண்டியாக மாறிவிடலாம். ஷோரூமில் யாரும் சொல்லாத செலவு இது.

ஒரு நன்மையும் இருக்கிறது. ஃபுட்போர்டு இல்லாவிட்டால் குழந்தையை முன்னால் நிற்க வைத்து ஓட்டும் பழக்கம் தானாக நிற்கும். திடீர் பிரேக்கில் ஹேண்டில்பாரில் முதலில் மோதுவது அந்தக் குழந்தையின் முகம்தான். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பின்னால் உட்காரவைத்துப் பாதுகாப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் போட்டு, 40 கி.மீ. வேகத்துக்குள் ஓட்ட வேண்டும் என்பதே விதி.

எந்த அப்கிரேடு உயிரைக் காக்கும்?

வண்டி வந்த மறுநாளே மனசு ஆக்சஸரீஸ் கடைப் பக்கம் போகும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் புதுப்பேட்டையும் யானைக்கவுனியிலிருந்து தூரமில்லை. அங்கே பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது என்பதுதான் விஷயம்.

முதலில் ஹெல்மெட். ஐஎஸ்ஐ முத்திரையோடு, ஓட்டுபவருக்கு ஒன்று, பின்னால் இருப்பவருக்கு ஒன்று. அடுத்தது டயர். கம்பெனி சொன்ன அளவிலேயே, ஈரச் சாலையில் நல்ல பிடிப்புள்ளதை வாங்கலாம். மண் பாதைக்கான கட்டை கட்டையான டயர் பார்க்க ஜோர். தார்ச்சாலையில் ரப்பர் தொடும் பரப்பு குறைவு, சத்தம் அதிகம். மூன்றாவது, பிரேக் பேடு, பிரேக் ஆயில். ஆயில் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

பின்னால் டாப் பாக்ஸ் மாட்டினால் கேன் பிரச்னை தீருமா? தீராது. 20 லிட்டர் தண்ணீர் என்றால் 20 கிலோ. பின்சக்கரத்துக்கும் பின்னால் அவ்வளவு எடை ஏறினால் முன்பக்கம் லேசாகி ஹேண்டில் ஆடத் தொடங்கும். பாக்ஸில் எத்தனை கிலோ வைக்கலாம் என்பது கையேட்டிலேயே இருக்கும். அந்த எண் மிகச் சிறியது.

"பிக்கப் வேணும்" என்று வேரியேட்டர் ரோலரை எடை குறைந்ததாக மாற்றுவோர் உண்டு. புறப்படும்போது வேகம் கிடைக்கும். பதிலுக்கு இன்ஜின் எப்போதும் அதிகமாகச் சுற்றும், மைலேஜ் இறங்கும். அந்தப் பணத்துக்குத் தேய்ந்த பெல்ட்டை நேரத்துக்கு மாற்றினாலே போதும்.

சத்தமான சைலன்சர் பக்கம் போகவே வேண்டாம். ஒலி, புகை விதிகளை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம். வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை உரிமையாளர் இஷ்டப்படி மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ட்ரெய்லருக்கு இடப்பக்கம் ஆபத்து

வடசென்னையில் அட்வெஞ்சரைத் தேடி மலைக்குப் போக வேண்டாம். துறைமுகத்திலிருந்து எண்ணூர், மணலி பக்கம் போகும் கன்டெய்னர் ட்ரெய்லர்கள் போதும். அந்த நீண்ட வண்டி திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது. உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். இடப்பக்க இடைவெளியில் நுழைந்த ஸ்கூட்டர் நடுவில் மாட்டுவது இப்படித்தான். டிரைவரின் கண்ணாடியில் அந்த இடத்தின் பெரும்பகுதி தெரியாது. டிரைவரின் முகம் கண்ணாடியில் நமக்குத் தெரியவில்லை என்றால், நாமும் அவருக்குத் தெரியவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். 15 குதிரை சக்தி இருப்பதால் அந்த இடைவெளிக்குள் நுழையத் தோன்றும். நிற்பவரே வீடு திரும்புவார்.

வெள்ளமும் உப்புக் காற்றும்

2015 வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் இந்தப் பகுதிக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தன: மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும்; ஆயிரத்தில் முடிய வேண்டிய செலவு பல ஆயிரமாகும். கியரில்லாத வண்டியில் பெல்ட் பெட்டிக்குள் நீர் புகுந்தாலும் பெல்ட் வழுக்கும். மெக்கானிக் வந்து ஆயில், ஏர் ஃபில்டர், பெல்ட் பெட்டி மூன்றையும் பார்த்த பிறகுதான் சாவியைத் தொட வேண்டும். "அட்வெஞ்சர் வண்டிதானே" என்று கணேசபுரம் சுரங்கப்பாதையில் நிற்கும் நீரில் இறக்குவதும் இதே கணக்கில்தான் முடியும்.

புது வண்டிக்கு ஐந்து ஆண்டு தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயம். வெள்ளத்தில் நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கு அது ஒரு ரூபாய்கூடத் தராது. சொந்த சேதத்துக்கான பாலிசியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இன்ஜின் பாதுகாப்பு கூடுதல் கவர் கிடைத்தால் நல்லது. காசிமேடு, எண்ணூர் பக்கம் தினமும் போகிறவர்கள் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவினால் துரு தள்ளிப்போகும்.

வாங்கலாமா?

350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. தமிழ்நாட்டில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வண்டிக்கு ஆயுட்கால வரி 12 சதவிகிதம். இன்ஷூரன்ஸையும் சேர்த்து ஆன்-ரோடு விலை என்ன என்று கேட்டு வாங்கிய பிறகே இஎம்ஐ பேச வேண்டும்.

தினமும் 30, 40 கி.மீ. எண்ணூர் பக்கம் போய் வரும் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏரி வரை போய் வர ஆசைப்படுபவர் என்றால் இந்தப் பணம் வீண் போகாது. அந்தச் சக்கரமும் ஏபிஎஸ்ஸும் தினமும் அவருக்கு உழைக்கும். வீட்டில் ஒரே வண்டிதான், அதையே அம்மாவும் ஓட்ட வேண்டும், தண்ணீரும் அதில்தான் வர வேண்டும் என்றால், பழைய ஸ்கூட்டருக்கு நல்ல டயர் போட்டு, இரண்டு நல்ல ஹெல்மெட் வாங்குவதே இப்போதைக்குப் பெரிய அப்கிரேடு.

டெஸ்ட் டிரைவுக்கு மகன் தனியாகப் போகக் கூடாது. வீட்டில் யார் யார் ஓட்டுவார்களோ அத்தனை பேரும் போக வேண்டும். உயரம் குறைந்தவர் உட்கார்ந்து இரண்டு காலையும் ஊன்றிப் பார்க்கட்டும். பலம் குறைந்தவர் சென்டர் ஸ்டாண்டு போட்டுப் பார்க்கட்டும். முடிந்தால் காலி கேன் ஒன்றையும் கையோடு எடுத்துப் போகலாம். ஷோரூம்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். அடுத்த ஐந்து வருடம் மாடிப்படி வரை அந்தக் கேனைத் தூக்கப்போவது அவரில்லை.