காலை எடுப்பதற்கு முன்

1964-ம் ஆண்டு ஜனவரி 16-ம் தேதி, அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், விரல்கள் அழுகத் தொடங்கிய பின்னும் காலை எடுக்கச் சம்மதியாத 82 வயது மூதாட்டி ஒருவரின் தொடைத் தமனியில் ஏற்பட்டிருந்த அடைப்பை, கத்தி எடுக்காமலே, தோலின் வழியாகச் செலுத்திய மெல்லிய குழாய்களைக் கொண்டு டாக்டர் சார்லஸ் டாட்டர் விரித்துவிட்டார். ரத்தம் பாய்ந்தது, கால் பிழைத்தது, அந்த அம்மையார் தம் அந்திமக்காலம்வரை சொந்தக் கால்களாலேயே நடந்தார். இருதய சிகிச்சையால் பிரசித்தி பெற்ற பலூன்கூட, 1974-ல் ஜூரிச்சில் ஆந்திரேயாஸ் குருன்ட்சிக்கின் கையில் முதலில் காலுக்கே பயன்பட்டு, 1977-ல்தான் இருதயத்தை எட்டியது.

இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும், ரத்தக்குழாய் பரிசோதனையே நடவாமல் ஒரு காலை வெட்டுவது நியாயமாகாது என்பதே என் வாதம். தமனி அடைப்பின் அறிகுறியாக, நடக்கையில் கெண்டைக்காலைப் பிடித்திழுத்து, நின்றவுடன் விட்டுவிடும் வலியை வயதின் கோளாறென்று தள்ளிவிடுகிறோம். சர்க்கரை நோயில் உணர்ச்சி மங்கியவர்களுக்கோ அந்த எச்சரிக்கையும் கிட்டாமல், ஆறாத புண்ணே முதல் அறிகுறியாகிறது. கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கும் எளிய சோதனையில் விகிதம் 0.9-க்குக் குறைந்தால் சந்தேகம் வலுக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனிச் சுவர் சுண்ணாம்பேறி விகிதம் பொய்யாக உயர்ந்து காட்டக்கூடும் என்பதால், அவர்களுக்குக் கால்விரலின் அழுத்தத்தையும் அளப்பதே விவேகம்.

இதனால், அடைப்புள்ள எல்லோருக்கும் பலூனும் ஸ்டென்டும் அவசியமென்று பொருளல்ல. நடக்கும்போது மட்டும் வலிப்பவர்களுக்குப் புகைபிடிப்பதை அடியோடு விடுவதும், முறையான நடைப்பயிற்சியும், தக்க மருந்துகளுமே முதற்சிகிச்சை. கால் போகும் அபாயமுள்ளவர்களிடையிலும், நல்ல சிரை உடையவர்களுக்கு பைபாஸ் அறுவையே மேலென்று 2022-ல் வெளியான பெரிய ஆய்வொன்று காட்ட, முழங்காலுக்குக் கீழுள்ள அடைப்புகளில் குழாய் வழிச் சிகிச்சையே மேலென்று 2023-ல் மற்றோர் ஆய்வு காட்டியது. ஆகவே, எது உகந்ததென்பதை அவரவர் உடல்நிலையும் தமனிகளின் நிலையுமே நிர்ணயிக்க வேண்டும்.

விஷம் ஏறி உயிருக்கே ஆபத்து நேரும் தருணங்களில் காலை இழப்பது தவிர்க்க முடியாததாகலாம். அத்தகைய அவசரம் இல்லாதபோது, "ரத்தக்குழாய் நிபுணர் பார்த்தாரா?" என்று கேட்பது நோயாளியின் உரிமை; அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திடாதீர்கள்.