பைத்தானுக்கு என் ஓட்டு இல்லை
ரிவால்வர் என்றதும் கோல்ட் பைத்தானைத் தூக்கிப் பிடிக்கிறவர்களோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. பாதிப்பேருக்கு அது 'தி வாக்கிங் டெட்' பார்த்து வந்த காதல். 1955-இல் வந்த பைத்தான் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வழவழப்பு, ஒவ்வொரு பாகத்தையும் கையால் ராவிப் பொருத்தியதால் வந்தது. நிறையச் சுட்டால் உருளை குழலோடு நேராக நிற்காமல் பிசகும். சரிசெய்யத் தேர்ந்த கை வேண்டும்.

என் ஓட்டு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10-க்கு. 1899-இல் பிறந்த வடிவம்; அறுபது லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். அமெரிக்கப் போலீஸ்காரர்கள் பல பத்தாண்டுகள் இடுப்பில் சுமந்தது.

எழுதியவருக்கு மட்டுமே புரியும் 'நேர்த்தியான' கோடை ராத்திரி இரண்டு மணிக்குச் சரிசெய்தவன் சொல்கிறேன்: உயிரெடுக்கும் கருவிக்கு ரசிகர் மன்றம் வேண்டாம். சொன்னபடி வேலை செய்கிறதா, அதை மட்டும் கேளுங்கள்.