ஆய்வரங்கா? ஆரவாரப் பந்தலா?

மாநாடு என்றதும் தமிழகத்தில் முதற்கண் தேடப்படுபவன் பந்தற்காரன், அடுத்து ஒலிபெருக்கிக்காரன். ஆய்வறிஞன் நினைவுக்கு வருவதோ எல்லாம் முடிந்த பின்னர்! வளைவுகள் எழும்பும், அணியூர்திகள் உருளும், அமைச்சர் பெருமக்களின் படங்கள் மூவேந்தரையும் விஞ்சி நிற்கும். ஈராண்டு உழைத்து எழுதிய கட்டுரைக்கோ பத்து மணித்துளி! அதிலும் பாதியை வாழ்த்துரை விழுங்கிவிடும்.

உலகத் தமிழாராய்ச்சி மன்றம் இதற்காகவா தோன்றிற்று? கீழைக்கலை அறிஞர் பேரவை 1964-இல் புதுதில்லியில் கூடியபோது, தனிநாயக அடிகளார் முதலானோர் அதனை நிறுவினர். அடிகளாரின் பெருமுயற்சியால் 1966-இல் கோலாலம்பூரில் முதன் மாநாடு நிகழ்ந்தது. 1968-இல் சென்னை, கடற்கரையில் சிலைகள் பத்து எழுந்தன. எழுந்தது குற்றமன்று; வள்ளுவர்க்கும் கண்ணகிக்கும் சிலை வேண்டாவென்பான் எவன்? ஆயின் அன்று தொட்டு நம் ஆட்சியாளர்க்கு மாநாடெனில் விழாவென்றே பொருளாயிற்று. 1970-இல் பாரிசு மாநகரிலும் தமிழ் ஆயப்பட்டது. அணியூர்தி ஏதும் அங்கே வேண்டியிருக்கவில்லை.

1995-இல் தஞ்சையில் நிகழ்ந்ததோ நாணத்தக்கது. ஈழத்துப் பேரறிஞர் சிவத்தம்பி உள்ளிட்டோர் மாநாட்டிற் கலந்துகொள்ள விடப்படாமல் திருப்பியனுப்பப்பட்டனர். விருந்துக்கழைத்து வாயிற்கதவைச் சாத்துவது எந்நாட்டுப் பண்பு?

2010-ஆம் ஆண்டுக் கதையைத் தமிழர் மறத்தல் கூடாது. அவ்வாண்டு சனவரியிலேயே ஒன்பதாம் மாநாட்டை நடத்த 2009-இல் தமிழக அரசு விழைந்தது. மன்றத்தின் அந்நாளைய தலைவர் நொபொரு கராசிமா சப்பானியர். சோழர் கல்வெட்டுகளைத் துருவித் துருவி ஆய்ந்தவர். முறையான ஆய்வு மாநாட்டுக்கு அக்காலம் போதாது என்றார். சூன் திங்களுக்குத் தள்ளினர்; அதுவும் போதாதென்றார். கட்டுரை கேட்டல், வந்தவற்றைத் தேர்தல், கடல்கடந்த அறிஞர்க்கு வழிசெய்தல் இவையெல்லாம் பந்தற்கால் நடுவதுபோல் ஓரிரவில் முடிவனவா? ஆட்சிக்கோ பொறுமையில்லை, சட்டமன்றத் தேர்தல் 2011-இல் காத்திருந்தது! பெயரை 'உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு' என மாற்றி, அம்மன்றமின்றியே கோவையில் நடத்தி முடித்தனர். தமிழாய்வின் மதிப்புக்காக ஓர் அயலவர் உறுதியோடு நின்றார். பட்டம் பெற்ற நம் புலவர் பலரோ மேடையில் இடம்பிடிக்க முந்தினர்!

இனியேனும் மாநாட்டு நாளைக் குறிப்பவர் அறிஞராகட்டும். ஓராண்டுக்கு முன்னரே கட்டுரைகள் கேட்கப்படட்டும். நடுவர் படித்துத் தேர்ந்தவை மட்டும் அச்சாகி, அமர்வுக்கு முன்பே வருவோர் கைக்குச் சேரட்டும். படித்து வந்தோர் வினவுவதற்குப் பாதிப் பொழுதை ஒதுக்குக. அமைச்சர் தொடக்கநாளில் வாழ்த்தட்டும். அமர்வுக்குள் வருவதாயின் கேட்போர் வரிசையில் அமரட்டும். தமிழாய்வைத் தமிழறிந்த தமிழரே தமிழர்முன் ஆங்கிலத்திற் படிக்கும் இழிவும் ஒழிக. செலவுக் கணக்கில் முதல் வரி, கட்டுரைத் தொகுதியை அவ்வாண்டுக்குள்ளேயே அச்சிட்டு வெளியிடும் தொகையாக இருக்கட்டும்.