கண்ணாடியைத் துடைத்தால் மட்டும் போதுமா?



மழைக் காலம் வந்துவிட்டால் வாகனம் வைத்திருப்போரின் பொதுவான முறைப்பாடு ஒன்றுண்டு. "முன்கண்ணாடி பால் ஊற்றியதுபோல் மூடிக்கொள்கிறது. துடைத்தால் மறுபடியும் மூடுகிறது" என்பார்கள். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் துணி என்று கடுகண்ணாவை இறக்கத்தில் வரும் சாரதிகளை நீங்களும் கண்டிருப்பீர்கள். அந்த வாகனத்தில் இருப்பது நம் பிள்ளைகளாகவும் இருக்கலாம். எனவே இம்மாதம் இதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

காற்றிலுள்ள நீராவி, போதிய அளவு குளிர்ந்த ஒரு பொருளின் மீது பட்டால் ஒடுங்கி நீராகும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய கிளாஸின் வெளிப்புறம் வியர்ப்பது இதனால்தான். கண்ணாடியிலும் இதுவே நடக்கிறது. அப்படியாயின் நாம் கேட்க வேண்டிய கேள்வி, "எப்படித் துடைப்பது?" என்பதல்ல, "இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது?" என்பதே.

முதலில் விரலால் கண்ணாடியைத் தடவிப் பாருங்கள். ஈரம் உள்ளேயா, வெளியேயா?

வெளியே என்றால் பயப்பட ஒன்றுமில்லை. கொழும்பு போன்ற வெப்பமான, ஈரமான இடங்களில் ஏ.சி.யைக் கடுமையாகப் போட்டால் கண்ணாடி குளிர்ந்து, வெளிக்காற்றின் ஈரம் அதில் படியும். வைப்பரைப் போடுங்கள். குளிரைக் குறைத்து, காற்று கண்ணாடியில் படாமல் திருப்பிவிடுங்கள். அவ்வளவுதான்.

உள்ளே என்றால், அது பெரும்பாலும் நமது மூச்சுத்தான். கலியாண வீட்டுக்கு நுவரெலியாவுக்கோ பண்டாரவளைக்கோ ஒரு வேன் நிறைய ஆட்கள், நனைந்த குடைகள், ஈர உடுப்புகள், மேலே ஏற ஏறக் குளிரும் கண்ணாடி. வேறென்ன வேண்டும்? குளிர்கிறதே என்று ஏ.சி.யை நிறுத்திவிடுவதுதான் இங்கே பலரும் விடும் தவறு. ஏ.சி. காற்றைக் குளிரச் செய்வதோடு அதிலுள்ள ஈரத்தையும் பிழிந்தெடுக்கிறது. வாகனத்தின் அடியில் சொட்டுவது அந்த நீரே. ஆகவே ஏ.சி.யைப் போட்டு, சூட்டைக் கூட்டி, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள். காரின் படத்துக்குள் அம்புக்குறி வளைந்திருக்கும் பொத்தான் உள்காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும். அதை மாற்றி வெளிக்காற்றை உள்ளே விடுங்கள். ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வாகனங்களில் எழுத்து விளங்காவிட்டாலும் படம் விளங்கும். ஏ.சி. இல்லாத வாகனமாயின் இரு பக்கத்துக் கண்ணாடியையும் இரண்டு விரல் அளவு இறக்கிவிடுங்கள்.

இரவில் யாரும் ஏறாத வாகனம் காலையில் உள்ளே வியர்த்திருக்கிறதா? அப்போது மூச்சைக் குறை சொல்ல முடியாது. எங்கோ தண்ணீர் தேங்கி நிற்கிறது. மிதியடியைத் தூக்கி, கார்ப்பட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். சந்தேகமென்றால் பழைய பத்திரிகைத் தாளை விரித்து மிதித்துப் பாருங்கள். ஈரம் எப்போது வருகிறது என்பதைக் கவனித்தால் காரணம் பிடிபடும்.

மழை பெய்த பின் அல்லது வாகனம் கழுவிய பின் நனைந்தால், தண்ணீர் வெளியிலிருந்து வருகிறது. கதவு றப்பர் வெடித்திருக்கலாம். முன்கண்ணாடியின் விளிம்பு விலகியிருக்கலாம். மர நிழலில் நிறுத்தும் வாகனமாயின், வைப்பருக்குக் கீழே தண்ணீர் வடியும் துவாரத்தை இலைகள் அடைத்திருக்கலாம். ஒருவர் டோர்ச்சுடன் உள்ளே இருக்க, மற்றவர் குழாயால் கீழிருந்து மேலாக மெதுவாகத் தண்ணீர் விட்டால் ஒழுகும் இடம் தெரிந்துவிடும்.

மழையில்லாத நாளிலும், ஏ.சி. போட்டால் முன் ஆசனக் காலடி நனைகிறதா? வாகனத்தின் அடியிலும் சொட்டக் காணோமா? ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைபட்டிருக்கிறது. கராஜில் இது சிறிய வேலை.

கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு, உள்ளே ஒருவித இனிப்பு வாடை, கூலன்டும் குறைகிறது என்றால், ஹீட்டருக்குள் ஓடும் கூலன்ட் கசிகிறது. இதில் தாமதம் கூடாது. எஞ்சின் சூடேறிப் பழுதாகும். அந்த ஆவியைச் சுவாசிப்பதும் நல்லதல்ல. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள்.

காரணத்தைத் திருத்திய பின்பே காய வைக்க வேண்டும். கார்ப்பட்டுக்கு அடியிலுள்ள கம்பளி பஞ்சுபோல் நீரைப் பிடித்து வைத்திருக்கும். மேலே காய்ந்தது போதுமென்று விட்டால் பூஞ்சணம் பிடிக்கும், தகரம் துருப்பிடிக்கும். இழுப்பு வருத்தமுள்ள பிள்ளைகளுக்கு அந்தக் காற்று ஆகாது. கார்ப்பட்டைத் தூக்கி, கதவுகளைத் திறந்து வெயிலில் விடுங்கள். கண்ணாடியின் உட்புறத்தையும் சுத்தமான பருத்தித் துணியால் துடைத்து வையுங்கள். அழுக்குப் படலத்தில் ஈரம் விரைவாகப் பிடிக்கும். கையால் துடைத்தால் தோலின் எண்ணெய் படிந்து நிலைமை மோசமாகும்.

தாய்மாரே, உங்கள் பிள்ளை செல்லும் பாடசாலை வேனின் கண்ணாடியை ஒரு மழை நாளில் உற்றுப் பாருங்கள். சாரதி துணியோடு போராடுகிறார் என்றால் நல்ல முறையில் எடுத்துச் சொல்லுங்கள். சாரதிமாரே, பின்னால் இருப்பவை பிறருடைய அமானிதங்கள். கண்ணாடி தெளியும் வரை ஓரமாக நிறுத்துவதால் சில நிமிடங்கள்தான் போகும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பயண துஆவை ஓதுவோம். அதற்கு முன் கண்ணாடியையும் பார்த்துக்கொள்வோம்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.