சாயம் போய்விடும், வெளுப்பு போகாது

ஆண்டிறுதி விடுமுறைக்கு முடிக்குச் சாயம் பூசிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறீர்களா? உங்களைத் தடுக்க இதை எழுதவில்லை. பள்ளி திறக்கும்போது முடி கருப்பாக இருக்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதனால்தானே 'அரை நிரந்தரச் சாயம்' என்று அச்சிட்ட பெட்டியைத் தேடுகிறீர்கள்? எட்டு, பத்து முறை தலைக்குக் குளித்தால் நிறம் போய்விடும் என்கிறது பெட்டி. சாயத்தைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மைதான். நம் கருப்பு முடிக்கு மட்டும் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

ஒரு முடியை நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் மேற்புறம் மீன் செதில்கள் போல அடுக்கடுக்காக இருக்கும். உள்ளே இருப்பது புறணி. முடிக்குக் கருமை தரும் மெலனின் அங்கேதான் இருக்கிறது. அரை நிரந்தரச் சாயத்தின் மூலக்கூறுகள் ஏற்கெனவே நிறம் கொண்டவை. அவை செதில்களின் மேலும் இடுக்குகளிலும் ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு முறை அலசும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகின்றன. மெலனினை அவை தொடுவதே இல்லை.

சிக்கலும் அங்கேதான். கருப்புத் தாளில் நீல வண்ணப் பென்சிலால் எழுதினால் என்ன தெரியும்? படிவம் மூன்றில் படிக்கும் என் அக்காள் மகள் சென்ற விடுமுறையில் ஊதா நிறம் பூசிக்கொண்டாள். கண்ணாடி முன் நின்று, "சித்தி, ஒன்றுமே தெரியலையே!" என்று முகம் வாடினாள். வாசலுக்கு வந்து வெயிலில் நின்றபோதுதான் லேசான ஊதா மினுமினுப்பு தெரிந்தது. எனக்கு அது அழகாகத்தான் பட்டது. அவளுக்குப் போதவில்லை.

அந்த ஏமாற்றத்தில்தான், "முதலில் வெளுத்துக்கொள், பிறகு நிறம் பிடிக்கும்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். வெளுப்புக் கலவையில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கிறது. அது செதில்களைக் கடந்து உள்ளே போய் மெலனினைச் சிதைக்கிறது. கூடவே, முடிக்கு வலு தரும் கெரட்டின் புரதத்தின் கந்தகப் பிணைப்புகளையும் உடைக்கிறது. தோலுக்கு வெளியே உள்ள முடி உயிரற்றது. காயம் ஆறுவதுபோல அது தன்னைச் சரிசெய்துகொள்ளாது. முடி மாதத்திற்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். 15 சென்டிமீட்டர் முடியை வெளுத்தால், அது முழுவதும் வளர்ந்து வெட்டப்பட ஓராண்டுக்கு மேல் ஆகும். பெட்டி சொன்ன எட்டு, பத்து குளியல் எங்கே, இது எங்கே!

எனக்கு இதைவிடப் பயம், பள்ளி திறப்பதற்கு முந்தின இரவில் நடப்பது. வெளுத்த முடியை மறைக்க அவசரமாக ஒரு கருப்புச் சாயம் வாங்குவீர்கள். நிரந்தரக் கருப்புச் சாயங்கள் பலவற்றில் பாரா-பினைலின்டையமின் என்ற பொருள் உண்டு. பிபிடி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சிலருக்கு இது கடுமையான ஒவ்வாமையைத் தரும்: தலையில் கொப்புளம், இமைகளும் முகமும் வீங்குதல். ஒருமுறை உடல் இதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பெரும்பாலும் ஆயுள் முழுவதும் அது தொடரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்தகைய சாயப் பெட்டிகளில் '16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அல்ல' என்று எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். 'கருப்பு மருதாணி' இட்டுக்கொண்டவர்களுக்கு ஆபத்து கூடலாம் என்றும் அதிலேயே சொல்கிறார்கள். உண்மையான மருதாணி ஆரஞ்சிலிருந்து பழுப்பு வரைதான் சிவக்கும். நிமிடங்களில் கன்னங்கரேல் என்று பிடித்தால் பிபிடி கலந்திருக்கலாம். தீபாவளிச் சந்தையில் அப்படி எப்போதாவது கையை நீட்டியிருக்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே என் கருத்து இதுதான்: வெளுக்காமல் பூசுங்கள், வெயிலில் மட்டும் தெரியும் நிறத்தோடு திருப்தி அடையுங்கள். கடைசியில் கருப்புப் பூச வேண்டிய தேவையே வராது. 'மென்மையானது' என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அரை நிரந்தரச் சாயத்துக்கும் ஒவ்வாமை வரலாம். அறிவுறுத்தல் தாளில் உள்ள தோல் சோதனையை 48 மணி நேரத்துக்கு முன்பே, வீட்டில் பெரியவர் ஒருவர் அறிய, செய்துவிடுங்கள். அரிப்போ தடிப்போ தெரிந்தால் அந்தப் பெட்டியை மறந்துவிடுங்கள்.

காத்திருக்கும் அந்த இரண்டு நாளில் செய்ய ஒரு வேலை இருக்கிறது. சீப்பில் உதிர்ந்த முடிகளைச் சேர்த்து நூலால் சிறு கற்றையாகக் கட்டுங்கள். கையுறை போட்டுக்கொண்டு அதில் சாயத்தைப் பூசி, தாளில் சொன்ன நேரம் கழித்து அலசுங்கள். விளக்கு வெளிச்சத்தில் ஒரு படம், வெயிலில் ஒரு படம் எடுங்கள். பிறகு ஷாம்பு போட்டு அலசி அலசி, எத்தனையாவது முறையில் பழைய கருப்பு திரும்புகிறது என்று எண்ணிக் குறித்து வையுங்கள்.